அந்தத் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்

கூட்டுநிதித் தளங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளங்களில் ஒன்றில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டிவிட்டு, ஒரு வீடியோ கேமை இன்னும் முடிக்காமல் வைத்திருப்பவன் நான். சொன்ன தேதி கடந்து பதினொரு மாதம் ஆகிறது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடவில்லை. பகலில் ஒரு வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். இது மன்னிப்புக் கேட்டு எழுதும் மடல் இல்லை. அதை எனக்குப் பணம் போட்ட ஆதரவாளர்களிடம் நாலைந்து தடவை கேட்டாயிற்று. உங்களிடம் பேச வேண்டியது உங்கள் படிவத்தைப் பற்றி. அதில் ஒரு கட்டம் குறைகிறது.

அந்தப் படிவத்தை நிரப்பிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. படங்கள் ஏற்றியாயிற்று, வீடியோவும் ஏற்றியாயிற்று. பணம் போடுபவருக்குப் பதிலுக்குத் தரும் ஒவ்வொரு வெகுமதிக்கும் கீழே, அது எப்போது கைக்கு வரும் என்று மாதத்தையும் வருடத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் நின்றது. மணி ஒன்றரை. காலை ஏழுக்கு ஷிஃப்ட். ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மிச்சம் இருக்கும் வேலை, குத்துமதிப்பாக, 1,200 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் உட்கார்ந்தால் 30 வாரம், ஏழே மாதம். ஆனால் எனக்கு 40 மணி நேரத்துக்கு எங்கே போவது? வேலை நாட்களில் இரவு ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை நாலரை. கூட்டினால் 12. அப்படியென்றால் 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

இரண்டு வருடம் என்று போட்டால் யார் பணம் போடுவார்கள்? ஏழு மாதம் என்று போட என் மனசே ஒப்பவில்லை. கடைசியில் பதின்மூன்று மாதம் என்று போட்டேன். அந்த எண் எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை. சந்தையில் பேரம் பேசும்போது வாயில் வருமே, அப்படி வந்த எண்.

ரசீதின் பின்பக்கத்தில் இருந்த 12 மட்டும் எங்கேயும் ஏறவில்லை. அதைக் கேட்க உங்கள் படிவத்தில் இடமே இல்லை. என் பக்கத்தின் விவரப் பகுதியில், "நான் முழுநேர வேலையில் இருக்கிறேன், இரவுகளிலும் சனிக்கிழமைகளிலும்தான் இந்தக் கேமைச் செய்கிறேன்" என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். தொடங்குவதற்கு முன் பக்கத்தைப் பார்வையிட்ட உங்கள் ஆலோசகர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், அதை எடுத்துவிடச் சொன்னார். படிப்பவருக்கு நம்பிக்கை குறையுமாம். நானும் எடுத்துவிட்டேன். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பணம் போடுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே முக்கியமான விஷயம் அந்த இரண்டு வரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

தாமதம் என்பது என் ஒருவனின் சோம்பேறித்தனம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெற்றிகரமாகப் பணம் திரட்டிய திட்டங்களில் முக்கால்வாசிக்கு மேல் சொன்ன தேதியைத் தவறவிட்டவை. அடுத்த வருடம் அவரே கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தின் ஆதரவாளர்களிடம் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தபோது, வெகுமதியைக் கொடுக்காமலே போன திட்டங்கள் 9 சதவீதம் அளவில்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் எப்படியோ முடித்துக் கொடுக்கிறார்கள், ஆனால் அந்த மாதத்தில் இல்லை. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கத்தான் நீங்கள் விதிமேல் விதி சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தேதிக் கட்டமோ அப்படியே இருக்கிறது.

முழுநேரக்காரர்களாலேயே அந்தக் கட்டத்துக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. டபுள் ஃபைன் நிறுவனம் 2012 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கேமுக்காக 4 லட்சம் டாலர் கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொட்டினார்கள். சொன்ன தேதி அதே வருடம் அக்டோபர். புரோக்கன் ஏஜ் என்ற பெயரில் அந்தக் கேமின் முதல் பாதி வந்தது 2014 ஜனவரியில், இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில். சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஸ்டூடியோ வைத்து, கேட்டதைப்போல் எட்டு மடங்கு பணம் வந்தவர்களுக்கே இந்தக் கதி. இரவு ஒன்பதரைக்குக் கணினியைத் திறப்பவன் என்ன செய்வான்?

எரிக் பரோன் பற்றி என்னிடம் சொல்லாத ஆளில்லை. ஸ்டார்டியூ வேலி என்ற கேமை நாலரை வருடம் தனியாளாகச் செய்தவர். அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் பகுதிநேரமாக, வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். 2016 பிப்ரவரியில் கேம் வந்தது, மற்றது ஊரறிந்த கதை. "அவர் செய்தாரே, உனக்கென்ன?" என்பார்கள். அவர் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். பாதி முடிந்த நிலையில் விற்கவும் இல்லை. அதனால்தான் நாலரை வருடம் எடுத்துக்கொள்ள முடிந்தது.

சரி, என் கணக்குப்படியே 100 வாரம் என்றால் இந்நேரம் முடிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

முதலில், நிதி திரட்டும் அந்த 30 நாள். வருடத்தில் எனக்குக் கிடைக்கும் லீவு முழுவதும் அதில் கரைந்தது. முதல் மூன்று நாளும் கடைசி மூன்று நாளும் பணம் வந்தது. நடுவில் வறட்சி. ஆபீசில் கழிப்பறைக்குப் போய் போனைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பேன். நேற்று பார்த்த அதே எண். ஒரு நாள் குறைந்தே போயிருந்தது, யாரோ பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மாதமும் கேமில் ஒரு வரி கோட்கூட எழுதவில்லை. அப்புறம் முகவரி சேகரிப்பது, டி-ஷர்ட் அளவு கேட்பது, நன்றிப் பட்டியலில் பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்பது. மாதா மாதம் நிலவரம் எழுதவே ஒரு சனிக்கிழமை போய்விடும். நான் கணக்கில் எழுதிய 12 மணி நேரத்தில் கேமுக்குப் போனது பல வாரங்களில் ஏழு, எட்டுதான்.

இன்னொன்று எந்தக் கணக்கிலும் வராது. நேற்று எங்கே விட்டோம் என்று நினைவுக்குக் கொண்டுவரும் நேரம். பகல் முழுக்க வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்ட மண்டையை, இரவில் கேமில் ஒரு பாலத்தின் மேல் ஓடும் ஓநாயின் கால் அசைவுக்குத் திருப்புவது லேசில்லை. இருபது நிமிடம் திரையை வெறித்துப் பார்ப்பேன். அதற்காகத் தூங்குவதற்கு முன் எனக்கே ஒரு குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஒரு திங்கட்கிழமை அந்தக் குறிப்பைத் திறந்தால், "கதவு தப்பு. சாவி சரிதான். வடக்கே பார்" என்று இருந்தது. எந்தக் கதவு? கேமில் 41 கதவுகள். வடக்கே என்று கேமின் எந்த நிலையை, எந்த லெவலைச் சொன்னேன்? இரண்டு இரவு தேடினேன். கடைசியில், விளையாட்டைச் சேமித்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒரே ஒரு கதவு மட்டும் தான் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதை மறந்துவிடுகிறது என்று தெரிந்தது. திருத்தியது மூன்று வரி. முழுநேரமாக இருந்திருந்தால் அது செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிந்திருக்கும்.

"அதான் பணம் வந்ததே, வேலையை விட்டுவிட வேண்டியதுதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தது கேமுக்கான பணம், என் மாதச் செலவுக்கானது இல்லை. இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது என்பதுதான் கிக்ஸ்டார்ட்டர் வழி, என் தளத்தின் வழியும் அதுதான். அதனால் எல்லோரும் செய்வதுபோல நானும் தேவைப்பட்டதைக் கேட்காமல், கிடைக்கும் என்று தோன்றியதைக் கேட்டேன். வந்ததில் 5 சதவீதம் தளத்துக்கு, பணப் பரிவர்த்தனைக்கு இன்னும் சில சதவீதம். சில கார்டுகள் கடைசி நிமிடத்தில் கைவிரித்தன. இசையமைத்தவருக்கும் படம் வரைந்த தோழிக்கும் முதலில் கொடுத்தேன், அது நியாயம். அச்சடித்த வரைபடங்களுக்கும் தபாலுக்கும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆனது. வரி போக மிஞ்சியதை வைத்து நான் வேலையை விட்டால் இரண்டரை மாதம் ஓட்டலாம். 1,200 மணி நேரத்துக்கு முழுநேரமாகவே ஏழு மாதம் வேண்டும் என்று முன்னால் சொன்னேன் இல்லையா?

இதில் இன்னொரு வேடிக்கை. முன்பணம் போட்டவர்களுக்கு கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் போட்டுக் கேமைப் பெற நாங்கள் ஒரு குறியீட்டு எண் கொடுப்போம். அவர்கள் வெளியீட்டு நாளில் மறுபடி வாங்க மாட்டார்கள், வாங்கவும் வேண்டாம். ஆனால் 2016 செப்டம்பரிலிருந்து, அப்படி எண் போட்டுப் பெற்றவர்கள் எழுதும் விமர்சனம் ஸ்டீமின் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. எங்களை முதலில் நம்பியவர்களின் குரல் அங்கே கணக்கில் வராது. இதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். வயிற்றெரிச்சலில் சொல்லிவைத்தேன்.

உங்களுக்குச் சம்பந்தமுள்ளது கூடுதல் இலக்குகள், அதாவது கேட்டதைவிட அதிகப் பணம் வந்தால் சேர்த்துத் தருவதாகச் சொல்பவை. நிதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இன்னொரு நிலை சேருங்கள், இன்னொரு பாத்திரம் சேருங்கள், கூட்டம் வரும்" என்று உங்கள் வழிகாட்டி மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. ஹாலோ நைட் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 கடைசியில் அதைச் செய்த டீம் செர்ரி குழு பணம் திரட்டியபோது, ஹார்னெட் என்ற பாத்திரத்தை ஆடத்தக்கவளாக ஆக்குவது அவர்களின் கூடுதல் இலக்குகளில் ஒன்று. கேம் 2017 பிப்ரவரியில் வந்தது. ஹார்னெட்டோ வளர்ந்து வளர்ந்து சில்க்சாங் என்ற தனிக் கேமாகி, 2025 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தாள். முதல் கேம் நன்றாக விற்றதால் அவர்களால் பொறுத்திருக்க முடிந்தது. என் கேமில் சேர்த்த கூடுதல் இலக்கு ஒரு ஓநாய்த் துணை. பக்கத்தில் ஒரே வரி, உற்சாகத்தில் எழுதியது. இதுவரை 190 மணி நேரம் தின்றிருக்கிறது. என் கணக்கில் அது நாலு மாதம்.

போன மாதம் ஒரு ஆதரவாளர் எழுதியிருந்தார். திட்டவில்லை. "பையனுக்காகத்தான் பணம் போட்டேன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது பதினொன்று. இந்த மாதிரிக் கேமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்கிறான். பரவாயில்லை, நானே விளையாடிக்கொள்கிறேன்." திட்டியிருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வருடம் ஆகும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் ஒருவேளை போட்டிருக்க மாட்டார். அப்படிப் போடாமல் இருக்கும் உரிமையை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஆகவே கேட்பது இதுதான். தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வையுங்கள்: இந்த வேலைக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டமாக வையுங்கள். மிச்ச வேலையையும் கேளுங்கள், வகுத்தலை நீங்களே செய்து பணம் போடுபவருக்குக் காட்டுங்கள். கூடுதல் இலக்கு ஒன்றைச் சேர்த்தால் அதே கணக்கு தானாக நீளட்டும், அந்த ஓநாய்க்கு எத்தனை மாதம் என்று எனக்கும் அன்றைக்கே உறைத்திருக்கும். ஒரே மாதத்தைக் குறிக்கச் சொல்வதற்குப் பதிலாக ஆறு மாத இடைவெளி ஒன்றைக் குறிக்க விடுங்கள். "வேலையில் இருக்கிறேன்" என்று எழுதுபவரிடம் அதை அழிக்கச் சொல்லாதீர்கள். வேலையில் இருப்பதால்தான் எங்களில் பலர் பணம் தீர்ந்த பிறகும் கேமைக் கைவிடாமல் இருக்கிறோம்.

பணம் குறைவாக வரும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வரும். என் இலக்கை நான் எட்டாமலும் போயிருக்கலாம். அதற்கும் நான் தயாராக இருந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு நான் செய்யக்கூடியது என் பக்கத்தில்தான். நீக்கிய அந்த இரண்டு வரியை நேற்று மறுபடி மேலே ஏற்றிவிட்டேன். மிச்சம் 230 மணி நேரம். வாரம் 12 என்று எழுதப் போனேன், குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு 8 என்று போட்டேன். மணி ஒன்பது நாற்பது ஆகிறது. பாலத்து நிலையில் ஓநாய் இன்னும் தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் "தாமதம்" என்று குறியிடப்பட்டிருக்கும் ஒருவன்