மலைக் கோபுரங்களுக்குப் பாதை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், குந்தா திட்டத்தின் முதல் மின் நிலையம் 1960-லும் இயங்கத் தொடங்கின. இம்மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் மின்பாதைகளில், வயதாகிப் பழுதடைந்த கோபுர அடித்தளங்களை மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றப் போகிறோம் என்பதே என் கவலை.

கோபுரத்தின் கால் பெரும்பாலும் மண்மட்டத்தை ஒட்டித்தான் கெடும். காலைச் சுற்றியுள்ள கான்கிரீட்டில் விரிசல் விட்டு, மழைநீர் தேங்கி, துத்தநாகப் பூச்சு போய், இரும்பு ஏடு ஏடாக உரிந்துகொண்டிருக்கும். மேலே பளபளப்பாக நிற்கும் கோபுரத்தின் கீழ் ஓரடி மண்ணை விலக்கிப் பார்த்தால்தான் அது தெரியவரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய மலையில், அத்தகைய காலை நம்பியிருப்பது பெரும் ஆபத்து.

ஆனால் பள்ளம் தோண்ட ஜேசிபி வர வேண்டும், அது வரப் பாதை வெட்ட வேண்டும் என்று தொடங்கினால், நான்கு கால்களுக்காக ஒரு மலைச்சரிவையே இழந்துவிடுவோம். புல்வெளியைக் கிளறிய இடத்தில் ஸ்காட்ச் புரூம் போன்ற அயல்புதர்கள் முந்திக்கொண்டு முளைக்கின்றன. பிறகு அவற்றை ஒழிப்பது பெரும்பாடு. சோலைகளுக்கு இடையிலான சதுப்பில் லாரிச் சக்கரம் பதிந்தால் நீர் வடியும் தடமே மாறிவிடும். அந்தப் புல்லும் சோலையும் தேக்கித் தரும் நீரை நம்பித்தானே இந்த மின் நிலையங்களே இருக்கின்றன!

கழற்றித் தலைச்சுமையாகக் கொண்டுசெல்லக்கூடிய சிறு துளைக்கருவியால் பாறைவரை குறுகிய துளைகள் இட்டு, கம்பி இறக்கி, சிமெண்ட் பால் செலுத்தும் மைக்ரோபைல் முறை இதற்கு ஏற்றது. கோபுரத்தை இழுகம்பிகளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டுமே திறக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களே இதற்கு உகந்தவை. அது காட்டுத்தீக் காலமும் என்பதால் அங்கே வெல்டிங் வேலையைத் தவிர்ப்பது நல்லது. செலவும் நாளும் கூடும் என்பது உண்மைதான். சரிந்த மலையை எந்தச் செலவிலும் திரும்ப நிறுத்த முடியாது.

எனவே, புதிய பாதை வெட்டக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியிலேயே மின்வாரியமும் வனத்துறையும் சேர்க்க வேண்டும். புல்லையும் மேல்மண்ணையும் பெயர்த்துத் தனியே வைத்துத் திரும்பப் பதிப்பதற்கான தொகையும் தனி இனமாக அதில் இடம்பெற வேண்டும். மதிப்பீட்டில் இல்லாத வேலையை எந்த ஒப்பந்ததாரரும் செய்ய மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்