சியோல் தாமரை விளக்குத் திருவிழா: உதவியோர்க்கு எங்கள் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

புத்தர் பிறந்தநாளையொட்டிச் சியோல் மாநகரில் நடைபெறும் யோன்டுங்ஹ்வே என்னும் தாமரை விளக்குத் திருவிழாவிற்கு அருகிலுள்ள சுவோன் நகரிலிருந்து சென்று வந்த தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். சோக்யேசா கோயில் அலுவலகத்திற்குக் கொரிய மொழியில் ஒரு கடிதம் ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். எனினும், யார் யாருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை இங்குள்ள நம்மவர்களும் அறிய வேண்டும் என்பதால், தமிழிலும் எழுதுவதே முறை என்று தோன்றியது.

முதல் நன்றி, வெளிநாட்டவருக்கென மேசை போட்டு விளக்குச் செய்யக் கற்றுத்தந்த கோயில் மூதாட்டியருக்கு. பார்வைக்கு எளிதாகத் தெரியும் அந்த விளக்கில் வேலை அதிகம். மெல்லிய வண்ணத்தாளில் வெட்டிய இதழின் நுனியை, விரலில் துளிப் பசை தொட்டுத் திரித்துக் கூராக்க வேண்டும். பிறகு, கம்பிச் சட்டத்தின்மேல் தாள் ஒட்டிய கூட்டில், மேல்வரிசை இதழ்களின் இடைவெளிகளில் அடுத்த வரிசை வந்து அமருமாறு ஒட்டிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். பச்சை இலைகள் கடைசியில். பசை கூடினால் தாள் நைந்துவிடும், குறைந்தால் இதழ் நிற்காது. எங்களில் படித்தவர்கள், பொறியாளர்கள் எல்லாரும் திணறிக்கொண்டிருக்க, கார்த்திகைக்குப் பஞ்சுத்திரி திரித்தே பழகிய என் தாயாரின் விரல்களுக்கு மட்டும் அது உடனே பிடிபட்டது. அதைக் கண்ட மூதாட்டி ஒருவர், ஒரு வார்த்தையும் பேசாமல், தம் தட்டிலிருந்த இதழ்களையும் அம்மாவின் பக்கம் நகர்த்திவிட்டார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. ஆனாலும் மதியம்வரை அந்த மேசையை விட்டு அம்மாவை எழுப்ப முடியவில்லை. ஊர்வலத்தில் செல்லும் பல்லாயிரக்கணக்கான விளக்குகளின் இதழ்கள், திருவிழாவிற்கு மாதக்கணக்கில் முன்பிருந்தே, இப்படிப்பட்ட கைகளால் கோயில்தோறும் திரிக்கப்படுகின்றன. இரவில் சாலையோரம் நின்று வியப்பவர்களுக்கு இந்த உழைப்பு தெரிவதில்லை என்பதாலேயே இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

அடுத்து, எங்களுடன் நடந்துவந்து ஒவ்வொன்றையும் விளக்கிய தன்னார்வலருக்கு நன்றி. பணி ஓய்வு பெற்ற ஆசிரியரான அவர், பழங்கொரியாவின் சில்லா அரசின் கியோங்முன் மன்னர் 866ஆம் ஆண்டு ஹ்வாங்ன்யோங்சா கோயிலுக்கு விளக்குகளைக் காணச் சென்றதாக வரலாற்று நூலில் பதிவு இருப்பதையும், அடுத்து வந்த கோரியோ அரசை நிறுவிய வாங் கொன் 943இல் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்சென்ற பத்துக் கட்டளைகளில் இவ்விழாவைக் கைவிடக்கூடாது என்பதும் அடங்கியிருந்ததையும் எடுத்துரைத்தார். அதற்கும் பின்னர் ஆண்ட, கன்பூசிய நெறியைப் போற்றிய சோசொன் அரசர்கள் அரச விழாவாக இதை நடத்துவதை நிறுத்திவிட்டபோதிலும் மக்கள் விடவில்லை என்றும், சிறுவர்கள் தாள்கொடி பிடித்துத் தெருத்தெருவாகச் சென்று விளக்குச் செலவுக்கு அரிசியும் துணியும் கேட்டுவாங்கினார்கள் என்றும் அவர் சொன்னபோது, 2020இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்து யுனெஸ்கோ அளித்த அங்கீகாரத்தைவிட அந்தச் சிறுவர்களே இவ்விழாவைக் காத்தவர்கள் என்று எனக்குப் பட்டது. அவரிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டும் வேண்டும் என்றார்.

சனிக்கிழமை மாலை தொங்குக் பல்கலைக்கழகப் பக்கமிருந்து புறப்பட்டு, ஹுங்இன்ஜிமுன் வாயிலைக் கடந்து, சோங்னோ பெருஞ்சாலை வழியாகச் சோக்யேசா நோக்கி வரும் ஊர்வலத்தைக் காண, வண்டிகள் நிறுத்தப்பட்ட அச்சாலையின் இருபுறமும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுகூடக் காலியில்லை. மூட்டுவலியோடு நின்றிருந்த என் தந்தையாரைக் கண்டு, தம் பேரனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இடம் கொடுத்த பெரியவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டறியவில்லை. அவருக்கு இம்மடல் சென்று சேரும் வாய்ப்பு குறைவு. ஆயினும் நன்றியைப் பதிவு செய்கிறேன். நான்கு திசைக் காவல் மன்னர்களும், வெள்ளை யானையும், வாயிலிருந்து நெருப்பு உமிழும் டிராகனும் ஆள் உயரத்திற்கும் மேலாக ஒளிர்ந்து நகர்ந்தபோது, அந்தப் பேரன் ஒவ்வொன்றின் பெயரையும் கொரிய மொழியில் கூவிக்கூவி அப்பாவுக்குக் கற்பித்தான். படம் எடுக்கும் ஆவலில் ஊர்வலத்திற்குள்ளேயே புகுந்த சிலரைக் கடிந்துகொள்ளாமல் கைகாட்டித் திருப்பி அனுப்பிய இளம் தொண்டர்களின் பொறுமையையும் இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். நானாக இருந்தால் கடிந்துகொண்டிருப்பேன்.

எங்கள் பிள்ளைகளை அவர்களே செய்த விளக்குகளுடன் ஊர்வலத்திலேயே நடக்கவிட்ட வெளிநாட்டவர் அணியின் பொறுப்பாளர்களுக்கும், இரவு சோங்காக் சந்திப்பில் தாள் பூவிதழ்கள் மழையாய்ப் பொழிய ஆயிரக்கணக்கானோர் கைகோத்து ஆடிய நெரிசலில் அவர்களைப் பத்திரமாக எங்களிடம் ஒப்படைத்ததற்கும் நன்றி. புலால் மட்டுமன்றி வெங்காயம், பூண்டும் சேர்க்காத கோயில் உணவை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தயக்கமின்றி உண்டார்கள். பரிமாறிய அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

எங்களுடன் வந்த ஒரு சகோதரி, சென்ற ஆண்டு காலமான தம் கணவரின் பெயரில், மறைந்தோர்க்கென ஏற்றப்படும் வெள்ளை விளக்குகளில் ஒன்றை ஏற்ற விரும்பினார். புத்த சமயத்தவரா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அலுவலகப் பெண்மணி அப்பெயரைப் பலமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியான ஒலியுடன் கொரிய எழுத்தில் எழுதி விளக்கின் அடியில் தொங்கவிட்டார். அதற்குரிய நன்றியை எப்படிச் சொல்வதென்று அந்தச் சகோதரிக்கே தெரியவில்லை, என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

நிறைவாக, கோயிலுடன் தொடர்புகொண்டு முன்பதிவு முதல் மொழிபெயர்ப்பு வரை அனைத்தையும் தம் ஆய்வுப் பணிகளுக்கிடையே செய்துதந்த நம் தமிழ் மாணவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: அடுத்த ஆண்டு விளக்கிதழ் திரிக்கும் வேலை கோயிலில் எப்போது தொடங்குகிறது என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். விடுமுறை நாள்களில் வந்து உட்கார எங்கள் வீடுகளில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
சுவோன் வாழ் தமிழ்க் குடும்பங்களின் சார்பில்