தாயை இழக்கும் கதைக்கும் நூலகத்தில் இடம் கொடுங்கள்

கொழும்பில் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளையைப் பற்றிய நாவல்களை உங்கள் நூலகத்துக்கு வாங்குங்கள். வாங்கியதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நகரத்துப் பாடசாலை ஒன்றின் நூலகத்துக்கு அண்மையில் கொஞ்சம் புத்தகங்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தந்தது, பற்றிக் நெஸ் (Patrick Ness) என்ற எழுத்தாளரின் 'எ மொன்ஸ்டர் கோல்ஸ்' (A Monster Calls) நாவலை. "அம்மாவுக்கு கேன்சர் வந்து சாகிற கதை அக்கா. எங்கட பிள்ளைகள் பாவம், பயந்து போவினம்" என்று அந்த ஆசிரியை மிகத் தன்மையாகத்தான் சொன்னார். பிள்ளைகள் மேல் அவருக்கு இருக்கும் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற நினைக்கிறோம் என்பதை நாம் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது பாலர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று உங்கள் பாடசாலைகளில் படிக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் தகப்பனின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போது ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) அடக்க விடாமல் எரித்த அந்த மாதங்களை மறக்க முடியாத முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களோடு ஒரே வாங்கில் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சம்பவங்கள்கூட வேண்டாம். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு வாராவாரம் போய்வரும் தாய்மார், காலி வீதி விபத்து, நாற்பது வயதில் வரும் மாரடைப்பு, இவையே போதும். பயந்து போவார்கள் என்று நாம் ஒளித்து வைக்கும் கதை இந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் நாம் பிள்ளையை நடத்தும் விதத்தைப் பாருங்கள். மகன் என்றால் தலையை மழித்து, வேட்டி கட்டி, கனத்தை மயானத்துக்குக் கூட்டிப் போகிறோம். பன்னிரண்டு வயதுக் கை கொள்ளி வைக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் தலையைத் தடவி, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேணும்" என்கிறார்கள். மகள் என்றால், "தம்பிக்கு முன்னால அழாத." எட்டுச்செலவு, அந்திரட்டி, முப்பத்தோராம் நாள் என்று வீடு நிறைய ஆட்கள். அப்புறம் எல்லோரும் போய்விடுகிறார்கள். அரையங்குலம் முடி வளர்ந்த தலையோடு அந்தப் பையன் வகுப்புக்கு வருகிறான். அப்பாவைப் பற்றி அவனிடம் யாரும் கதைக்கக் கூடாது என்று மற்றப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது. நல்லெண்ணத்தில்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் பக்கத்தில் இயல்பாக வந்து உட்கார ஆள் இல்லை. புலமைப்பரிசில், சாதாரண தரம், டியூசன் என்று மற்றதெல்லாம் பழையபடி ஓடுகிறது.

இதே நிலையில்தான் அந்த நாவலின் பையன் கொனரும் இருக்கிறான். வயது பதின்மூன்று. தகப்பன் அமெரிக்காவில் வேறு குடும்பத்தோடு வாழ்கிறார். தாய்க்குப் புற்றுநோய், சிகிச்சை பலிக்கவில்லை. தாய்க்கு வருத்தம் என்று தெரிந்ததும் வகுப்பில் எல்லோரும் அவனிடமிருந்து விலகி நிற்கிறார்கள், ஆசிரியர்கள் அளவுக்கு மீறி மென்மையாகிறார்கள். நள்ளிரவு தாண்டி 12.07க்கு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ மரம் பெரும் பூதமாக எழுந்து அவனிடம் வருகிறது. மூன்று கதைகள் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. (யூ மரத்திலிருந்து பெறும் பொருளில்தான் புற்றுநோய்க்கான டாக்சேன் வகை மருந்துகள் வந்தன. கதையிலும் தாய்க்குக் கொடுக்கும் கடைசி மருந்து அந்த மரத்திலிருந்துதான்.)

அந்த நான்காவது கதைக்காகத்தான் இந்த நாவலை உங்கள் நூலகத்துக்குக் கேட்கிறேன். கொனர் அம்மம்மாவின் வரவேற்பறையை அடித்து நொறுக்குகிறான். இன்னொரு பையனை வைத்தியசாலைக்குப் போகுமளவு அடிக்கிறான். ஒவ்வொரு முறையும் தண்டனைக்காகக் காத்திருக்கிறான். யாரும் தண்டிப்பதில்லை. ஏன் அவனுக்குத் தண்டனை வேண்டியிருக்கிறது? தாய் சாகப்போகிறாள் என்று அவனுக்கு நெடுநாளாகவே தெரியும். இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்று அவன் உள்ளுக்குள் ஒரு கணம் நினைத்திருக்கிறான். அந்த நினைப்புத்தான் தாயைக் கொல்கிறது என்று நம்புகிறான். அதை வாய்விட்டுச் சொல்லும் இடத்தில் பூதம் அவனைக் கடிந்துகொள்வதில்லை. ஒரே மனதில் இரண்டு எதிரான எண்ணங்கள் இருக்கலாம், நீ நினைத்ததை விட நீ செய்ததுதான் முக்கியம் என்று அவனுக்குப் புரியவைக்கிறது. அதன் பிறகுதான் அவனால் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ போவது எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

நீண்ட நாள் படுக்கையில் கிடந்த ஒருவரைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்த நினைப்பு வந்திருக்கலாம். பெரியவர்களுக்கே வருகிறது. நாம் "கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்திட்டார்" என்று சொல்லி ஆறிவிடுகிறோம். பிள்ளை அதை யாரிடம் சொல்லும்? சின்ன வயதில், தான் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லால்தான் அப்பா போனார் என்றுகூடப் பிள்ளைகள் நம்புவதுண்டு. காலையில் அழுத பிள்ளை பின்னேரம் கிரிக்கெட் விளையாடும். அதைப் பார்த்து மறந்துவிட்டான் என்கிறோம். வயிற்று வலி என்று பாடசாலைக்கு வராமல் நின்றால் கள்ளம் என்கிறோம்.

இந்த நாவலின் பிறப்பே ஒரு இழப்பில்தான். கதையின் கருவையும் பாத்திரங்களையும் யோசித்தவர் சிவோன் டவுட் என்ற எழுத்தாளர். எழுதி முடிக்க முன்பே, 2007இல், மார்பகப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. பற்றிக் நெஸ் அதை எடுத்து எழுதினார், ஜிம் கே படம் வரைந்தார், 2011இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, எழுத்துக்கான கார்னெகி பதக்கமும் ஓவியத்துக்கான கேட் கிரீன்அவே பதக்கமும் இந்த ஒரே நூலுக்குக் கிடைத்தன.

வெள்ளைக்காரப் பிள்ளையின் கதை நமக்கு ஒட்டுமா என்று கேட்பீர்கள். ஒட்டும். மரத்தில் ஏதோ இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு ஆசை வேறு. வெள்ளவத்தை அடுக்குமாடியில், கடற்கரை ரயில் சத்தத்தில் நித்திரை வராமல் கிடக்கும் பிள்ளையின் கதை நம் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். எங்கள் எழுத்தாளர்கள் இதைக் கேட்டால் நல்லது. பண்டாரநாயக்க மண்டபப் புத்தகக் கண்காட்சியில் பிள்ளைகள் பகுதியில் நீதிக்கதையும் பொது அறிவும் மாதிரி வினாத்தாளும்தான் எப்போதும் என் கண்ணில் படுகின்றன.

சரி, புத்தகத்தை வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் நீங்கள் வாசியுங்கள். இழப்பு நடந்த பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் கூப்பிட்டு "இது உனக்குத்தான்" என்று கொடுக்காதீர்கள், அது அவனை இன்னும் தனியாக்கும். மற்ற நாவல்களோடு சேர்த்தே வையுங்கள், அவனது நண்பர்களும் எடுக்கட்டும். அவர்களுக்கும் அது தேவை, என்ன கதைப்பது என்று தெரியாமல்தானே விலகி நிற்கிறார்கள். "இக்கதையிலிருந்து நீ கற்றுக்கொண்டது யாது" என்று தயவுசெய்து எழுதச் சொல்லாதீர்கள். பாதியில் மூடி வைத்தால் விடுங்கள், பிறகு எடுப்பான்.

புத்தகம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சாப்பாடு, நித்திரை, படிப்பு எல்லாம் குழம்பிப் போன பிள்ளைக்கு ஆலோசனை ஆசிரியரும் வைத்தியரும் வேண்டும். 1926 என்ற மனநல உதவி இலக்கமும் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் நூலகக் கதவில் ஒட்டியிருக்கட்டும்.

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும். பேச்சுப் போட்டியும் பதாகையும் இருக்கும்தான். அதற்கு முன் வாங்கப்போகும் நூல்களின் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, இப்படிப்பட்ட நாவல் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். காசு இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், அன்று திருப்பித் தந்த பிரதி என்னிடம்தான் இருக்கிறது. கேட்கும் முதல் பாடசாலைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி