நிபந்தனையை முதலில் சொல்

சேரன்மகாதேவி,
10.7.2025

அன்புள்ள மாப்பிள்ளை சுடலைமுத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்தது நான்கு வரி, சண்டை நான்கு பக்கம். ஓய்வு பெற்று மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இவ்வளவு கோபம் ஆகாது.

முதலில் ஊர்ச் செய்தி. கார் பருவ நெல் நடவு முடிந்துவிட்டது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிறது. கடைமடைக்காரர்கள் வழக்கம்போல மேல்மடைக்காரர்களை ஏசிக்கொண்டிருக்கிறார்கள். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டாள். என் தங்கச்சி கேட்ட உடன்குடிக் கருப்பட்டியை வாங்கி வைத்திருக்கிறேன். உன் சின்ன மச்சினன் அடுத்த வாரம் அங்கே வருகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மழையில் நனைந்த சரக்காக இருந்துவிடக் கூடாதென்று கடைக்காரரிடம் ஒரு வட்டை உடைக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இனி உன் சண்டைக்கு வருகிறேன்.

பூமி சூடாவதற்கு மனிதன் காரணம் என்பது புதிய மூடநம்பிக்கை, நம்மைப் போன்றவர்கள் இதையும் கேள்வி கேட்க வேண்டாமா என்கிறாய். கேட்க வேண்டும்தான். ஆனால் உன் நான்கு பக்கத்தில் ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை. எது என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊருக்கு வந்த அந்தச் சாமியாரை மறந்திருக்க மாட்டாய். சுடலைமாடன் கோவில் கொடை, வில்லுப்பாட்டு முடிந்த நேரம். ஓமகுண்டத்தில் நெய் விட்டார், தீப்பெட்டி இல்லாமலே தீ பற்றியது, ஊரே கும்பிட்டது. குண்டத்தில் பெர்மாங்கனேட், கிண்டியில் கிளிசரின், இரண்டும் சேர்ந்தால் தானே தீப்பிடிக்கும் என்று உனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் நீ அதைக் கத்திச் சொல்லவில்லை. செட்டியார் கடையில் கால்படி நெய் வாங்கிக்கொண்டு போய், "சாமி, இந்த நெய்யை விடுங்கள். தீ வந்தால் எல்லார் முன்னாலும் உங்கள் காலில் விழுகிறேன். வராவிட்டால் இரவோடு இரவாக ஊரைவிட்டுக் கிளம்புங்கள்" என்றாய். எது நடந்தால் யார் தோற்றார் என்பதை முதலிலேயே பேசி வைத்தாய். அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுகிறவருக்கு இலங்கைப் பகுத்தறிவாளர் கோவூர் 1963-இல் ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தபோதும், அமெரிக்காவில் மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி பத்து லட்சம் டாலர் வைத்தபோதும் விஷயம் இதுதான். சோதனை எப்படி, எது வெற்றி, எது தோல்வி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ராண்டி சோதனையே தொடங்குவார்.

அந்த ராண்டியையே உன் கட்சிக்கு இழுத்திருக்கிறாய். அவரும் சந்தேகப்பட்டவர் என்கிறாய். பாதிக் கதை அது. 2009 டிசம்பரில் அவர் ஒரு கட்டுரையில், இவ்வளவு சிக்கலான விஷயத்தில் மனிதன்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்ற தொனியில் எழுதினார். மனிதன் விடும் வாயுவால் ஆபத்து என்பதை மறுத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட மனு ஒன்றையும் எடுத்துக்காட்டினார். அவரை ஆசானாகக் கொண்டாடியவர்களே அவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார்கள். ஓரிரு நாளில், தான் எதையும் மறுக்கவில்லை என்று விளக்கம் எழுதினார். நீ குறிப்பிடும் "31,000 விஞ்ஞானிகள்" அந்த மனுவில் இருப்பவர்கள்தான். அறிவியலில் இளநிலைப் பட்டம் வாங்கிய அமெரிக்கர் யாரும் அதில் கையெழுத்துப் போடலாம். நீ அங்கே பிறந்திருந்தால் உன் எம்.எஸ்ஸி.க்கு முன்வரிசையிலேயே இடம் கொடுத்திருப்பார்கள். பருவநிலையைப் பற்றி ஆய்ந்தவர்கள் அதில் மிகச் சிலர். பகுத்தறிவுக்காரர்களுக்குள்ளும் பெரியவர் சொல்லிவிட்டார் என்று விடாமல் மல்லுக்கு நின்றார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எரிமலைகள் விடாத கரியமில வாயுவா என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதில் சொல்ல விஞ்ஞானி வேண்டாம், பாங்க் குமாஸ்தா போதும். காற்று ஒரு கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வாயுவை மனிதர்கள் வரவு வைக்கிறோம். ஆண்டு முடிவில் இருப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், நாம் போட்டதில் ஏறத்தாழப் பாதிதான் கூடியிருக்கிறது. அப்படியானால் கடலும் காடும் எரிமலையும் சேர்ந்த மற்ற எல்லாக் கணக்குதாரர்களும் மொத்தத்தில் பணம் எடுத்திருக்கிறார்களே தவிரப் போடவில்லை. எரிமலைகளின் பங்கு நம்முடையதில் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

உனக்குப் பிடித்த பாடத்திலேயே இன்னொன்று சொல்கிறேன். புதைபடிவ எரிபொருள் பல கோடி ஆண்டு பழையது, காலப்போக்கில் சிதைந்துபோகும் கார்பன்-14 அதில் மிஞ்சியிருக்காது. செடிகொடி கொஞ்சம் கனமான கார்பன்-13-ஐக் குறைவாகவே எடுக்கும், அதிலிருந்து வந்ததால் இதில் கார்பன்-13-உம் குறைவு. காற்றில் உள்ள கரியமில வாயுவில் கார்பன்-13-இன் விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைகிறது. எங்கோ எதுவோ எரிகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பத்தாம் வகுப்புப் பையன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நீ இதையேதான் சொல்லியிருப்பாய்.

காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குதான், அது என்ன செய்துவிடும் என்கிறாயே, அதில்தான் எனக்கு வருத்தம். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். வெப்பக் கதிரை அவை தடுப்பதில்லை, இது தடுக்கிறது. 1859-இல் ஜான் டிண்டால் குழாயில் அடைத்து அளந்து காட்டிய சங்கதி. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண் கண்ணாடி உருளைகளில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டார். தொழிற்புரட்சிக்கு முன்பு 280 பங்காக இருந்தது. 1958-இல் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவு மலைமேல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

சூரியன்தான் காரணமோ என்ற சந்தேகம் நல்ல சந்தேகம். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 1978 முதல் செயற்கைக்கோளிலிருந்து சூரிய வெளிச்சத்தை அளக்கிறார்கள். பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று ஏறி இறங்குகிறதே தவிர, பூமி சூடேறிய வேகத்துக்கு ஏற்ற ஏற்றம் அதில் இல்லை. இன்னொரு பிடியும் இருக்கிறது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் மேலும் கீழுமாக முழுவதும் சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழே சூடாகி, மேலடுக்கு குளிர வேண்டும். 1967-இலேயே மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு இதைச் சொல்லி வைத்தார்கள். பின்னால் அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நடப்பதற்கு முன்பே சொல்லி வைத்தது என்பதைக் கவனி. செட்டியார் கடை நெய் மாதிரிதான் இது.

பாளையங்கோட்டையில் வயல் இருந்த இடமெல்லாம் கட்டடமாகிவிட்டது, வெப்பமானி ஏறத்தானே செய்யும் என்கிறாய். இதே சந்தேகம் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியல் பேராசிரியருக்கும் இருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டார். எண்ணெய்த் தொழிலில் கொழித்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளைகூட அதற்குப் பணம் கொடுத்தது. 36,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளை எடுத்து, நகரத்திலிருந்து விலகியிருப்பவற்றைத் தனியாகப் பிரித்தும் பார்த்தார். ஏற்றம் அப்படியே இருந்தது. 2012-இல், நான் மாறிவிட்டேன், இதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதன்தான் என்று பத்திரிகையில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், வெப்பமானிகளைக் குறை சொல்வதில் பெயர் பெற்ற ஆண்டனி வாட்ஸ் என்பவர், முல்லர் கணக்கு எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்வேன், என் கருத்து தப்பு என்று வந்தாலும் சரி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். முடிவு வந்ததும் முறையே சரியில்லை என்றுவிட்டார். நம் சாமியாராவது இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார்.

முல்லரை விடு, கடலில் எந்தக் கட்டடம் முளைத்தது? கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்தபோது, தூத்துக்குடிக் காங்கிரீட்டைக் குற்றம் சொல்ல முடியுமா?

எழுபதுகளில் பனியுகம் வருகிறது என்று பயமுறுத்தினார்களே என்பதற்கு நீளமாகப் பதில் எழுத மாட்டேன். சில பத்திரிகைகள் எழுதின. அப்போதே ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை சூடாகும் என்றுதான் சொல்லின.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. இங்கே எதிர்க்கட்சியும் உண்டு. மாமரம் பூக்கவில்லை என்றால் பருவநிலை மாற்றம், குற்றாலத்தில் இரண்டு நாள் தண்ணீர் விழவில்லை என்றால் பருவநிலை மாற்றம், குளம் உடைந்தாலும் அதேதான். காவல்கிணறு, பணகுடிப் பக்கம் காற்றாலை வந்துதான் மேகம் கலைந்துபோகிறது என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தின் கடைசியில் உன்னிடம் கேட்கப்போகும் கேள்வியைத்தான் அவர்களிடமும் கேட்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நீ எழுதியதில் எனக்குப் பாதி உடன்பாடு. 1992-லும் தாமிரபரணி ஊரை அடித்துக்கொண்டு போயிற்று, அப்போது யாரும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசவில்லை என்பது சரி. தண்ணீர் வடிந்த பிறகு ஏரலில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் சேற்றுக் கோடு சுவிட்சு போர்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது. ரேஷன் அரிசி மூட்டை ஊறி வெடித்து, தரை முழுவதும் புளித்த வாடை. அக்காள் பீரோவைத் திறக்க முடியாமல், பலகை உப்பிப்போய், கடப்பாரையால் நெம்பித்தான் பத்திரங்களை எடுத்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றே போனது. இந்த 95 சென்டிமீட்டரும் புவி வெப்பத்தால் வந்தது என்று யாராவது சொன்னால், முதலில் மறுப்பவன் நான். குமரிக்கடல் பக்கம் சுழற்சி நகராமல் நின்றது, குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன, வாய்க்கால் புறம்போக்கில் வீடு கட்டியிருந்தார்கள். உடைந்த மடையைச் சரிசெய்யாதவர்களுக்குப் "பருவநிலை மாற்றம்" என்பது வசதியான சாக்கு என்று நீ எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இது எந்த அரசியல்வாதியும் போட்ட கணக்கல்ல. 7 சதவீதம் சின்ன எண்தான், ஒத்துக்கொள்கிறேன். கரை தளும்பி நிற்கும் குளத்தின் மேல் நின்று பார்த்திருக்கிறாயா? அங்கே ஒரு சாண் தண்ணீர்தான் கரை நிற்பதையும் உடைவதையும் தீர்மானிக்கிறது. வெள்ளம் எப்போதும் வந்திருக்கிறது, இனியும் வரும். அந்தக் கடைசிச் சாண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

சந்தேகப்பட உனக்கு வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன. கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி கூடும் என்பதில் இன்னும் இரண்டரை முதல் நான்கு வரை இடைவெளி வைத்துத்தான் பேசுகிறார்கள். மேகங்கள் பிடி கொடுக்க மாட்டேன் என்கின்றன. ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் சூடு மெல்லத்தான் ஏறும் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்களுடைய செயற்கைக்கோள் அளவில் கோளாறு இருந்ததை மற்றவர்கள் கண்டுபிடித்துக் காட்டியபோது திருத்திக்கொண்டார்கள். சூடே ஏறவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நம் பிசான நெல்லுக்குரிய வடகிழக்குப் பருவமழை என்ன ஆகும் என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்கன் ஆளுக்கு ஆண்டுக்குப் பதினாலு டன் வாயுவை விட, நாம் இரண்டு டன் விடும்போது, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை மூடு என்று நமக்கு உபதேசிப்பது எந்த ஊர் நியாயம் என்ற கேள்வியும் இருக்கிறது. அதில் நானும் உன் பக்கம்தான். ஆனால் அநியாயம் செய்கிறவன் சொல்வதாலேயே இயற்பியல் பொய்யாகிவிடாது. மூன்றாம் பக்கத்தில் இந்த இரண்டையும் நீ போட்டுக் குழப்பியிருக்கிறாய். உன் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இப்போது உன் கடிதத்தில் நான் தேடிய விஷயம். எதைக் காட்டினால் நீ ஏற்றுக்கொள்வாய் என்று எங்கேயும் எழுதவில்லை. சூரியன் இல்லை என்று காட்டினால் எரிமலை என்கிறாய், எரிமலை இல்லை என்றால் வெப்பமானி என்கிறாய், அதற்கும் பதில் வந்தால் விஞ்ஞானிகள் விலைபோனவர்கள் என்கிறாய். சாமியார் இப்படி மாற்றி மாற்றிப் பேசியிருந்தால் நீ விட்டிருப்பாயா? என் நிபந்தனையை நான் எழுதித் தருகிறேன். இனிவரும் இருபது ஆண்டுகளில் காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போய், உலகச் சராசரி வெப்பம் ஏறாமல் நின்றுவிட்டால், அல்லது மேலடுக்கு குளிர்வது நின்று சூடாகத் தொடங்கினால், என் கருத்து தப்பு. அதுவரை நான் இருப்பேனா என்பது வேறு விஷயம். என் பேரனிடம் சொல்லி வைக்கிறேன்.

உன்னுடையதை ஒரே வரியில் எழுது. பதில் கடிதத்தில் அந்த வரி முதலில் வரட்டும், வசவை அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

உன்
சங்கரன்