ஞாயிறு வாக் – வாலன்டியர்ஸ் கவனத்துக்கு

மக்களே, மெட்ராஸ் வீக் வாக்குக்குப் பேரு குடுத்தவங்க எல்லாம் ஞாயிறு காலைல 6 மணிக்கே சென்ட்ரல் மணிக்கூண்டு பக்கம் வந்துடுங்க, வாக் 6:30க்குதான் ஆனா போன தடவை ஆளுங்க நமக்கு முன்னாடியே வந்து "இங்க யாருங்க பொறுப்பு"ன்னு தேடிட்டு நின்னாங்க, அது மறுபடி வேணாம்.

சென்ட்ரல், விக்டோரியா ஹால், ரிப்பன் பில்டிங், மூணுமே பக்கத்து பக்கத்துலதான். கதை சொல்றவங்க ஒண்ணு கவனிங்க, ஆர்க்கிடெக்ட் சிஷோம் டிசைன் பண்ணது அந்த செவப்பு செங்கல் விக்டோரியா ஹால், 1913ல தொறந்த வெள்ளை ரிப்பன் பில்டிங் அவரோடது இல்ல, போன வருஷம் நானே மாத்தி சொல்லி ஒரு பெரியவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரிப்பன்னா சடைல கட்டுற ரிப்பனான்னு பசங்க கேப்பாங்க, வைஸ்ராய் ரிப்பன் பிரபு பேருன்னு சொல்லிடுங்க.

கூட்டத்துக்குக் கடைசில நடக்க ரெண்டு பேர் கண்டிப்பா வேணும், எல்லாரும் நின்னு நின்னு போட்டோ எடுப்பாங்க, பூந்தமல்லி ஹை ரோட்டுல யாரையும் தனியா விட்டுடக் கூடாது. யாரு வர்றீங்க? தண்ணி பாட்டில், தொப்பி அவங்கவங்க எடுத்துட்டு வாங்க, முடிச்சுட்டு டிபன் என் செலவு.