மின்சப்ளையில் சிக்கனம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்குப் புதிய கணினி வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்வோர் பலர், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, கேபினெட்டுடன் வரும் மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸையே (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஏற்றுக்கொள்வது எனக்குக் கவலையளிக்கிறது. சென்ற கோடையில், மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு மாலையில், என் மகளின் கணினியில் அத்தகைய ஒன்று கருகி மதர்போர்டையும் கெடுத்தது. திறந்து பார்த்தபோது, மின்னைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. கடைக்காரரோ அட்டைப்பெட்டியில் இருந்த '450 வாட்' என்ற எழுத்தையே காட்டினார். அதை மட்டும் நம்பாமல், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அது 30 என்றால், 12-ஐ 30-ஆல் பெருக்க, பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 360 வாட்தான். பணம் போதாவிட்டால், ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) பின்னர் கூட்டிக்கொள்ளலாம்; மின்சப்ளையில் சிக்கனம் வேண்டாம். விற்பவர்கள் இக்கணக்கை பில் போடும் முன்பே வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், திருவள்ளூர்