உருவி எடுத்த வரி

கடலூர் அருகே,
20.10.2024, ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

நேற்று இரவு நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. கோபம் இல்லை. போனில் என்றால் நீ வேகமாகப் பேசுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன், கடைசியில் என்ன குழம்பு என்று பேசி வைத்துவிடுவோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

“ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது நீ மட்டும் எதற்கம்மா எழுந்து கேட்டாய்?” என்றாய். உன் காதுக்கு இதை யார் கொண்டுவந்தார்கள் என்று நீ சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நடந்ததை என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்.

அக்டோபர் 2 கிராம சபை. பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் பந்தல். நூறு நாள் வேலைக்காரர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் வராவிட்டால் கூட்டத்துக்கு இருபது பேர் தேறமாட்டார்கள். நுழைந்தவுடனே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெறுமையாக இருந்தது. முதலில் கையெழுத்தாம், தீர்மானம் அப்புறமாம். நான் வேலை பார்த்த அச்சகத்தில் யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு, ‘நீங்களே எதையாவது அடித்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்திருந்தால் அவருக்குப் பைத்தியம் என்றிருப்போம். ஊராட்சித் தலைவர் நடு நாற்காலியில் இருந்தார். உன்னைவிட இரண்டு வயது இளையவள், பி.காம். படித்த பெண். மைக் அவள் கணவர் கையில் இருந்தது. ஒரு முறைகூட அது இடம் மாறவில்லை.

வரவு செலவு படித்தார்கள். நம் தெரு வடிகால், 120 மீட்டர், பணி முடிந்தது என்று வந்தது. 2015 நவம்பர் மழையில் அடுப்படிக்குள் தண்ணீர் ஏறியபோது நீதானே அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கிவைத்தாய்? அந்த வடிகால் எனக்குக் கனவில்கூட வரும். வேலை முடிந்தது என்று பலகை நட்ட மறுநாளே, துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் அளந்தேன். ஜவுளிக்கடை மீட்டர் கோலை வைத்துப் பத்து மீட்டருக்குச் சரியாக முடிச்சுப் போட்ட கயிறு. எட்டு முறை போட்டேன், அதற்கு மேல் இரண்டு முழம். மளிகைக்கடைத் திருப்பத்தில் சிமெண்ட் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கோரைப்புல்தான்.

எழுந்து இதைத்தான் கேட்டேன்: “பலகையில் 120 மீட்டர் என்று இருக்கிறது. நான் அளந்ததில் 81 மீட்டர்தான் வருகிறது. மீதி எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள்? என் கேள்வியை நோட்டில் எழுதுங்கள்.” திருட்டு என்றோ கமிஷன் என்றோ ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. பயந்து விழுங்கினேன் என்று நினைக்காதே. அதற்கு என்னிடம் சான்று இல்லை, சொல்லவில்லை. கயிறு இருந்தது, கயிறு சொன்னதைச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யாரும் கைதட்டவில்லை. செயலர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சாயங்காலம் மூன்று பெண்கள் தனித்தனியாக வந்தார்கள், அதுவும் கொல்லைப்புறமாக. “நன்றாகக் கேட்டீர்கள் அக்கா” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி நான்கு முருங்கைக்காய்கூடக் கொண்டுவந்தாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாராட்டக்கூடவா கொல்லைப்புறம்?

மூன்றாம் நாள் தலைவரின் கணவர் சாத்துக்குடியோடு வந்தார். மிரட்டினார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னார். உன் அப்பாவைப் பற்றி நல்லபடியாக நான்கு வார்த்தை பேசினார். எழுந்து செருப்பை மாட்டும்போதுதான், “பாப்பா கோயம்புத்தூரில்தானே அக்கா? மாப்பிள்ளையின் தம்பிகூட நம் ஒன்றியத்தில்தான் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்கிறார், நல்ல பையன்” என்றார். அவ்வளவுதான். இதை எந்தப் போலீசிடம் போய்ப் புகார் சொல்வது? நல்ல பையன் என்று சொன்னார் என்றா?

இரண்டு வாரம் கழித்து உன் போன் வந்துவிட்டது. அவருக்குச் செலவு ஒரு டஜன் சாத்துக்குடி. மீதி வேலையை நம் வீட்டாரே செய்துகொடுத்துவிட்டோம்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை பாப்பா. அந்த வேலையை நானே செய்திருக்கிறேன், என் கையாலேயே செய்திருக்கிறேன். அதை இத்தனை நாள் உன்னிடம் சொன்னதில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் அச்சகத்தில் நான் எழுத்துக் கோர்த்த கதை உனக்குத் தெரியும். விரல் நுனியில் ஈயக் கறுப்போடு வந்து உனக்குச் சோறு ஊட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்வாய். 1996. நீ மூன்றாம் வகுப்பு. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, ஊர்க் கூட்டம் போடுகிறோம் என்று பதினைந்து வரி. ஏழாவது வரியில் ஓர் ஆலையின் பெயர். கோர்த்து, திருத்தம் பார்க்கும் புரூப் எடுத்து முதலாளியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தாலே எங்களுக்குத் தெரியும். “ஏழாவது வரி வேண்டாம்மா” என்றார்.

யாரும் அவரை மிரட்டவில்லை. ஆலையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அவர்களுடைய பில் புத்தகம், லெட்டர்பேடு எல்லாம் எங்களிடம்தான் அடிக்க வரும், அவ்வளவுதான் உறவு. அப்போதெல்லாம் நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போட்டாக வேண்டியிருந்தது, 1867-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அந்தக் கடைசி வரிதான் அவரைப் பயமுறுத்தியது, ஏழாவது வரி இல்லை. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்ததே, அன்று செய்தித்தாளை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் எங்கள் முதலாளிதான். சில நாளிலேயே அந்த ஆசிரியரை விட்டுவிட்டார்கள், பிற்பாடு உயர்நீதிமன்றமும் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. முதலாளியின் மனதில் நின்றது சிறை மட்டும்தான்.

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தார். உன் நோட்டுப் புத்தகம் அத்தனையும் அவர் கொடுத்த வெட்டுத்தாளில் தைத்ததுதான்.

எழுத்தைக் கோர்த்து இறுக்கிய இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு வரியை எடுப்பது எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஆப்பைத் தளர்த்தி, அந்த வரியை மட்டும் இரண்டு பக்கமும் விரல் கொடுத்து அப்படியே தூக்க வேண்டும். எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் மேலும் கீழும் உள்ள எழுத்தெல்லாம் ஆடும், சட்டத்தைத் தூக்கும்போது கொட்டிவிடும். அதனால் அந்த இடத்தில் எழுத்தில்லாத கட்டைகளை அடைக்க வேண்டும். குவாட் என்போம். எழுத்துக்கு உள்ள கனமே அதற்கும். உயரம் மட்டும் குறைவு, மை ஒட்டாது. எழுத்தைக் கோர்க்கிற அளவுக்கே அதையும் பார்த்துப் பார்த்துக் கோர்க்க வேண்டும். அன்று அரை மணி நேரம் செலவழித்து ஒரு வெற்றிடத்தைக் கோர்த்தேன்.

அந்த மனிதர் வந்தார். நோட்டீஸ் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவினார். ஆறாவது வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விரலை வைத்து, “இங்கே மட்டும் ஏன் கொஞ்சம் அகலமாக இருக்கிறது?” என்று கேட்டார். “இடைவெளிக் கட்டை கூடிவிட்டது” என்றேன். முதலாளி உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், பேசாமல் முழுப்பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு நோட்டீஸ் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். சண்டை போட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

எங்கள் அச்சகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார், நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னையில் வேலை பார்த்தவர். 1976-இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்துவிட்டுத் தலைவர்களைப் பிடித்துப் போட்டார்கள், கைதானவர் பெயரைப் போடத் தணிக்கை அதிகாரி விடவில்லை. அண்ணா நினைவு நாளன்று அந்தக் கட்சியின் நாளேடான முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது, அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று. கைதானவர்கள் யார் என்று படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை முறை சொல்லியிருப்பார் அதை, ஒவ்வொரு முறையும் தொடையைத் தட்டிச் சிரிப்பார். எதிரே ஓர் அதிகாரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தால் அவரை ஏய்க்கலாம். எங்கள் முதலாளியை யார் ஏய்ப்பது? பேனாவும் அவரே, தாளும் அவரே.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் பிடித்து நம் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். டிசம்பர் 14 அன்று விட்டபோது, எழுதுவதை முன்கூட்டி சி.ஐ.டி. அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நிபந்தனை. ஐந்தாம் வகுப்பு நாடகத்தில் உனக்கு மை வைத்து மீசை வரைந்துவிட்டேனே, அந்த மீசைக்காரரும் அதற்கு ஒத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். ஒத்துக்கொண்டவர்களை எல்லாம் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீ சட்டத்தையும் சொன்னாய். 2012-இல் புதுச்சேரியில் ஒருவர், மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானாரே, அதைச் சொன்னாய். எந்தப் பிரிவில் அவரைப் பிடித்தார்களோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்த 66ஏ-வை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிவிட்டது. அவதூறு இன்னும் குற்றம்தான், புதிய குற்றவியல் சட்டத்தில் 356-ஆம் பிரிவு. தெருமுனை வக்கீலிடம் கேட்டுக்கொண்டேன். அவர், “பலகையில் உள்ளதைப் படித்து, அளந்ததைச் சொல்லி, மீதி எங்கே என்று கேட்டால் அதில் அவதூறு எங்கே அம்மா?” என்றார். ஃபீசும் வாங்கவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் வந்து, “என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்” என்றார்! ஆக, எங்கள் ஊரில் அவருக்கும் கொல்லைப்புறம் இருக்கிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டைச் சித்தியிடம் சொன்னேன். “உனக்காவது கேட்பதற்குத் தலைவர், சபை என்று இருக்கிறது, எங்களுக்குத் திட்டுவதற்குக்கூட ஒரு கவுன்சிலர் கிடையாது” என்கிறாள். அவளுக்கு எதிலும் என்னைவிட ஒரு படி அதிகக் கஷ்டம் இருக்க வேண்டும். ஆனால் சொன்னது உண்மை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது, அப்புறம் 2006-இல். அதற்குப் பிறகு நடக்கவேயில்லை.

பாப்பா, உனக்குப் பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று சொல். நான் கேட்டுக்கொள்வேன். உன் மைத்துனருக்கு வரும் வேலை நின்றுவிட்டால் உன் மாமியார் வீட்டில் உன்னைத்தான் ஜாடை பேசுவார்கள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் “நமக்கு எதற்கு அம்மா” என்று சொல்லாதே. அந்த ‘நமக்கு’ என்பதில் என்னைச் சேர்த்துக்கொண்டுவிடுகிறாய். நான் ஒருமுறை கட்டை அடைத்துவிட்டு இருபத்தெட்டு வருடமாக அந்த இடைவெளியைத் தடவிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து, புரூப் பார்ப்பதற்கு நான் எப்போதும் உட்காருவேன். சான்றில்லாமல் பேசினேனா, மரியாதை குறைந்ததா, சொல், மாற்றிக்கொள்கிறேன். வரியை உருவச் சொன்னால் இந்த முறை கை வராது.

மைத்துனரிடம் நானே பேசிவிட்டேன், நீ பேச வேண்டாம். அடுத்த சபையில் கேட்கப் போகிறேன் என்பதை முதல் ஆளாக அவரிடம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அத்தை, மளிகைக்கடைத் திருப்பத்தில் கல்வெட்டும் போடவில்லை, அதையும் பார்த்தீர்களா?” என்றார். கல்வெட்டு என்றால் தண்ணீர் போகிற சின்னப் பாலமாம். நான் கோயில் கல்வெட்டு என்று நினைத்துவிட்டேன்.

உள்ளாட்சி தினக் கூட்டம் நவம்பர் 1. தீபாவளிக்கு மறுநாள் என்பதால் தள்ளிவைத்தாலும் வைப்பார்கள். நீங்கள் புதன்கிழமை இரவு பஸ்ஸுக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. அதிரசத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது. வரும்போது முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கி வா. கயிற்று அளவை நம்பமாட்டோம் என்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா